இரண்டு வரியில் ஐந்து வருடம்

அந்த நீதிமன்றத்தில் அவளை யாரும் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. ஸ்டெனோம்மா, ஸ்டெனோ அக்கா, அவசரத்தில் வெறும் ஸ்டெனோ. நீதிபதி சொல்லச் சொல்லச் சுருக்கெழுத்தில் பிடித்து, பிறகு தட்டச்சு செய்து கையெழுத்துக்கு வைப்பதுதான் இருபத்தாறு வருடமாக அவள் வேலை. அவள் நாற்காலி மேடைக்குக் கீழே இடது பக்கம் இருந்தது. அங்கிருந்து நிமிர்ந்து பார்த்தால் நீதிபதியின் முகவாய்க்கட்டைதான் முதலில் தெரியும். அப்படிப் பத்து முகவாய்க்கட்டைகளைப் பார்த்துவிட்டாள். யார் எந்த இடத்தில் தொண்டையைச் செருமினால் அவருக்கு அடுத்த வரி தெரியவில்லை என்று அர்த்தம் என்பது அவளுக்கு அத்துப்படி.

பத்தாவது நீதிபதிக்கு ஊழியர்கள் வைத்த பெயர் ‘அரைப்பக்கம்’. எந்த வழக்கானாலும் அரைப் பக்கத்துக்கு மேல் அவரால் தொடர்ந்து சொல்ல முடியாது. “மிச்சத்தை வழக்கம் போல போட்டுக்கோங்கம்மா” என்று எழுந்துவிடுவார். கெட்ட மனிதர் என்று சொல்ல முடியாது. யாரிடமும் கை நீட்டியதில்லை, யாரையும் மரியாதைக் குறைவாகப் பேசியதில்லை. நல்லவர் என்று சொல்வதற்கும் இதைத் தவிர வேறொன்றும் கிடையாது.

வெளியிலிருந்து பார்க்கிறவர்களுக்கு, நீதிபதி என்றால் தலைக்கு மேல் யாரும் இல்லாதவர். உள்ளே வேலை செய்கிறவர்களுக்குத் தெரியும், அவரைப் போல மேலே பார்த்தே பிழைக்கிறவர் வேறு யாரும் கிடையாது என்று. அரசாங்கத்தால் அவரைத் தொட முடியாது. சட்டம் அப்படி ஒரு சுவரைக் கட்டி வைத்திருக்கிறது. ஆனால் சுவருக்கு உள்ளே அவருக்கு மேல் மாவட்டத் தலைமை நீதிபதி. அவருக்கு மேல் தலைநகரில் உயர் நீதிமன்றம். அங்கே நிர்வாகக் குழு என்று ஐந்து நீதிபதிகள். யாருக்குப் பதவி உயர்வு, யாரை எந்த ஊருக்குத் தூக்கி அடிப்பது என்பதெல்லாம் அந்த ஐந்து பேர் கையில். கீழே எழுதப்படும் தீர்ப்புகளை அவர்கள் படிப்பதில்லை. அவர்கள் கண்ணில் படுவது மாத அறிக்கை என்ற ஒரே ஒரு தாள். எத்தனை வழக்கு வந்தது, எத்தனை முடிந்தது, எத்தனை நிலுவை. சாட்சி விசாரித்துத் தீர்ப்பு சொன்ன குற்ற வழக்குக்கு மதிப்பெண் அதிகம். சமரசத்தில் முடிந்ததற்குக் குறைவு. ஒரு மனிதனை விடுதலை செய்தாலும் உள்ளே தள்ளினாலும் மதிப்பெண் ஒன்றுதான். நடுநிலை என்றால் அந்தத் தாள்தான் நடுநிலை.

பதவி உயர்வுப் பட்டியல் தயாராகிற மாதத்தின் கடைசி வேலை நாளில் அரைப்பக்கம் ஏழு வழக்குகளில் தீர்ப்பு வாசித்தார். நான்குக்குத்தான் தீர்ப்பு எழுதியிருந்தது. மற்ற மூன்றுக்கும் முடிவை மட்டும் சொன்னார். இது அங்கே புதிதல்ல. ஊழியர்கள் இதைத் “தலை வாசிச்சாச்சு, உடம்பு பாக்கி” என்பார்கள். தலை அன்றைய தேதியில் பிறக்கும். உடம்பு பத்து நாளோ இருபது நாளோ கழித்து வளர்ந்து, பழைய தேதியிலேயே போய் ஒட்டிக்கொள்ளும். சிவில் வழக்கென்றால் யாரும் பெரிதாகக் கண்டுகொள்வதில்லை. அந்த மூன்றில் இரண்டு சிவில்.

மூன்றாவது ஒரு கிடங்குக் காவலாளியின் வழக்கு. கிடங்கில் இருந்த மோட்டார்கள் காணாமல் போன திருட்டில் அவனும் உடந்தை என்று குற்றச்சாட்டு. நாலு வருடமாக ஜாமீனில் வெளியே இருந்து, ஒரு வாய்தா தவறாமல் வந்தவன். அன்றைக்கும் தலையைப் படிய வாரிக்கொண்டு வந்து கூண்டில் நின்றான். அரைப்பக்கம் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: “எதிரி மீதான குற்றம் சந்தேகத்துக்கு இடமின்றி நிரூபிக்கப்பட்டுள்ளது. ஐந்து வருடம் கடுங்காவல் தண்டனை விதிக்கப்படுகிறது.”

ஸ்டெனோம்மாவின் குறிப்பேட்டில் இரண்டு வரி. அதற்குக் கீழே வெள்ளைத் தாள்.

காவலாளி, “ஐயா, எதுக்கு?” என்று கேட்டான். எதிர்த்துக் கேட்டது போல இல்லை. காது சரியாகக் கேட்காதவன் கேட்பது போலத்தான் இருந்தது. “எல்லாம் தீர்ப்புல இருக்கும்ப்பா” என்று சொல்லிவிட்டு அரைப்பக்கம் அடுத்த வழக்குக் கட்டை எடுத்தார். போலீஸ்காரர் காவலாளியின் முழங்கையைப் பிடித்தார். அடுத்த வாரமே அரைப்பக்கத்துக்குப் பெரிய நகரத்தில் பெரிய நீதிமன்றத்துக்கு மாற்றல் வந்தது. மாலை மரியாதையோடு கிளம்பிப் போனார்.

காவலாளியின் மனைவி தையல்காரி. தீர்ப்பு நகல் கேட்டு விண்ணப்பம் போட்டுவிட்டு, தினமும் பத்தரை மணிக்கு நகல் பிரிவின் கம்பி ஜன்னலுக்கு வந்துவிடுவாள். நகல் இருந்தால்தான் உயர் நீதிமன்றத்தில் மேல்முறையீடு. மேல்முறையீட்டுக்கு எண் கிடைக்கிற வரை ஜாமீன் கேட்க வழியில்லை. ஜன்னலுக்குப் பக்கத்துப் பெஞ்சில் உட்கார்ந்து, மடியில் யாருடைய ரவிக்கையையாவது வைத்துக்கொண்டு கொக்கி தைப்பாள். ஜன்னலுக்குள் இருக்கும் நகல் எழுத்தர் விண்ணப்பத்தின் பின்பக்கம் பார்த்துவிட்டுச் சொல்வார்: “கட்டு வேற பிரிவுல இருக்கும்மா. நாளைக்கு வா.”

“எந்தப் பிரிவுலங்க? சொன்னா நானே போய் எடுத்துட்டு வந்துடுறேன்.”

“நீ எடுத்துட்டு வர்றதுக்கு அது என்ன மாவு மில்லா?”

பன்னிரண்டாம் நாள் அவள் அந்த ஜன்னலை விட்டுவிட்டு நேராக ஸ்டெனோம்மாவின் மேசைக்கு வந்துவிட்டாள். “அக்கா, நீங்கதான் டைப் அடிக்கிறதாமே. கை வலின்னா சொல்லுங்க. எனக்கும் அப்படி வரும், தைலம் இருக்கு.”

அவள் கிண்டல் செய்யவில்லை. அதுதான் ஸ்டெனோம்மாவுக்குச் சுருக்கென்று பட்டது.

அன்று மதியம் அரைப்பக்கத்துக்குப் போன் செய்தாள். “சார், அந்தக் கிடங்கு கேஸ் தீர்ப்பு இன்னும் சொல்லலையே. குற்றவாளி உள்ள இருக்கான்.”

“அட, அது வேற இருக்கா! இங்க வந்து மூச்சு விட நேரமில்லம்மா. நீங்களே ஒரு மாதிரி போட்டுடுங்க. உங்களுக்குத் தெரியாததா? அனுப்பி வைங்க, கையெழுத்துப் போட்டுடுறேன்.”

“சாட்சி எட்டுப் பேர் இருக்காங்க சார். யாரை எதுக்கு நம்புனீங்கன்னு...”

“எட்டுப் பேரும் ஒண்ணத்தானே சொல்லியிருப்பான்? உங்க தீர்ப்பு என் தீர்ப்பை விட நல்லாவே இருக்கும், போங்க.” சிரித்துவிட்டு வைத்துவிட்டார்.

அவளால் முடியாத காரியமும் இல்லை. இதற்கு முன்பு எழுதியிருக்கிறாள். அரைப் பக்கத்தை ஆறு பக்கமாக்கியிருக்கிறாள். ‘இச்சாட்சியம் நம்பத்தகுந்ததாக இல்லை’, ‘எதிரியின் வாதம் ஏற்கத்தக்கதல்ல’ என்று கோத்துக்கொண்டே போனால் பூமாலை மாதிரி நீளும். அதை இத்தனை நாள் உதவி என்று நினைத்திருந்தாள். ஒரு நீதிபதி, “நீங்க இல்லன்னா நான் இல்லம்மா” என்றபோது வீட்டுக்குப் போய் பஸ் டிப்போ மெக்கானிக்கான கணவரிடம் பெருமையாகச் சொல்லியிருக்கிறாள். அவர் அப்போதே, “அப்ப சம்பளத்தை மாத்திக் குடுக்கச் சொல்லு” என்றார்.

சாப்பாட்டு டப்பாவைத் திறக்காமல் வழக்குக் கட்டை அவிழ்த்தாள். ஒன்று முதல் மூன்று வரையான சாட்சிகள் ஒன்றும் பார்க்கவில்லை. நாலாவது சாட்சி கிடங்கு மேலாளர். குறுக்கு விசாரணையில் சொல்லியிருந்தார்: சம்பவத்தன்று எதிரிக்கு, அதாவது காவலாளிக்கு, விடுப்பு. சாவி மாற்று ஆளிடம் இருந்தது. மீதி நாலு சாட்சிகளும் போலீஸ்காரர்கள்; அந்த மாற்று ஆளை அவர்கள் விசாரித்ததாக எங்கும் இல்லை. இதை அவளே தன் கையால் சுருக்கெழுத்தில் பிடித்து, தன் கையாலேயே தட்டச்சும் செய்திருந்தாள். அன்றைக்கு அது வெறும் வேலை. இன்றைக்கு அதே வரியை விரல் வைத்து இரண்டு தடவை படித்தாள்.

தாளை ஏற்றி ஆரம்பித்தாள். ‘நான்காம் சாட்சி அவ்வாறு கூறியிருப்பினும், அதனை ஏற்க இயலாது. ஏனெனில்’. அங்கே விரல் நின்றது. ‘ஏனெனில்’ என்பதற்குப் பிறகு என்ன போடுவது? பழைய மாலைகளிலிருந்து எந்தப் பூவைப் பிய்த்து வைத்தாலும் ஒட்டவில்லை. அரைப்பக்கத்தின் மனசில் ஒரு காரணம் இருந்து, அதை அவர் சொல்ல மறந்திருந்தால் கூடப் பரவாயில்லை. அவர் இந்தக் கட்டைத் திறக்கவே இல்லை. அவள் அவிழ்த்தபோது நாடா முன்பு அவளே கட்டிய முடிச்சோடு அப்படியே இருந்தது. ஐந்து வருடத்துக்குக் காரணம் எங்கோ பதுங்கிக்கொண்டிருக்கவில்லை. காரணமே கிடையாது. இப்போது அதை அவள் உண்டாக்க வேண்டும். நன்றாகவும் உண்டாக்குவாள். மேலே படிக்கிற நீதிபதி தலையாட்டும் அளவுக்கு இறுக்கமாகக் கட்டிவிடுவாள். அந்தக் கட்டு அப்புறம் காவலாளியின் கழுத்தில்தான் விழும்.

தண்டனையிலிருந்து காரணத்தை உருவி எடுத்துவிட்டால் மிஞ்சுவது முழங்கையைப் பிடிக்கிற கை மட்டும்தான். சந்தில் ஒருவன் மடக்கி அடித்தால் அவனிடம் ஏன் என்று யாரும் கேட்பதில்லை. நீதிமன்றத்தில் கேட்கலாம் என்பதற்காகத்தான் இத்தனை கட்டடம், இத்தனை கறுப்புக் கோட்டு, இத்தனை ‘கனம் கோர்ட்டார்’. கேட்டவனுக்கு, எல்லாம் தீர்ப்பில் இருக்கும் என்று பதில் சொன்னார்கள். தீர்ப்பில் ஒன்றுமில்லை. அவள் தாளை உருவிக் கசக்கினாள்.

தலைமை எழுத்தர் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். ஓய்வுக்கு எட்டு மாதம் இருந்தது அவருக்கு. “என்னம்மா, கோவத்தைத் தாள் மேல காட்டுற?”

“அண்ணே, இதை நான் எழுத மாட்டேன்.”

“யாரு உன்னை எழுதச் சொன்னா? டைப் அடிக்கத்தானே சொல்றாங்க.”

“சொன்னா அடிப்பேன். சொல்லவே இல்லையே!”

“இங்க பாரு. அந்தப் பொம்பளை பாவம், தினம் வர்றா. நீ நாலு பக்கம் தட்டிக் குடுத்தா அவ அப்பீலுக்குப் போவா, அவனும் வெளிய வருவான். உன் நியாயத்தால அவன்தான் இன்னும் பத்து நாள் உள்ள கெடக்கப் போறான். யோசி.”

அவர் சொன்னதிலும் பாதி உண்மை இருந்தது. பாதி உண்மையைக் கையில் வைத்துக்கொண்டு பேசுகிறவர்களிடம்தான் அவளுக்குக் கோபம் அதிகம் வரும். கட்டைத் தூக்கிக்கொண்டு மாவட்டத் தலைமை நீதிபதியின் அறைக்குப் போனாள்.

தலைமை நீதிபதி மரியாதையாக உட்காரச் சொன்னார். முழுவதும் கேட்டார். பிறகு விரல் விட்டு எண்ணுவது போலச் சொன்னார்: “அவரு இப்ப என் மாவட்டத்துல இல்லம்மா. நான் எப்படி அவரைக் கேள்வி கேக்க முடியும்? அவரோட புது மாவட்டத் தலைமை நீதிபதிதான் கேக்கணும்.”

“அவர் கேப்பாரா சார்?”

“கேக்க முடியாது. கேஸ் அவர் மாவட்டத்து கேஸ் இல்லையே.”

“அப்ப உயர் நீதிமன்றத்துக்கு நீங்க எழுதலாமே சார்?”

அவர் மேசையில் இருந்த காகித பாரத்தைச் சற்று நகர்த்தினார். “என்னன்னு எழுதுறது? போன மாச அறிக்கையில, இந்த கேஸ் முடிஞ்சதுன்னு போயிருக்கு. சரிபார்த்தேன்னு கையெழுத்துப் போட்டது நான்.”

அந்தக் கட்டடத்தை இருபத்தாறு வருடத்தில் முதல் தடவையாக அவள் முழுவதும் பார்த்தாள். மேலேயிருந்து கீழே வரை ஒவ்வொருவரும் ஒரு கையெழுத்துப் போட்டிருந்தார்கள். ஒவ்வொரு கையெழுத்தும் அடுத்ததைத் தாங்கிக்கொண்டிருந்தது. அடியில் ஒருவன் கம்பிக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தான். அவனை எடுத்தால் அத்தனை கையெழுத்தும் விழும். அதனால் அவன் அங்கேயே இருப்பது எல்லோருக்கும் வசதி. யாரும் அவனுக்கு எதிரி இல்லை. எதிரி என்று ஒருவன் இருந்தால் அவன் காலரையாவது பிடிக்கலாம்.

இருபத்து மூன்றாம் நாள். நகல் விண்ணப்பம் இருபது நாளைத் தாண்டினால், தாமதத்தின் காரணத்தைச் சம்பந்தப்பட்டவர் பின்பக்கத்தில் எழுதி, முத்திரையோடு விண்ணப்பதாரருக்குத் தர வேண்டும் என்று விதி. அதையும் வழக்கமாக ‘கட்டு வேறு பிரிவில் உள்ளது’ என்றே எழுதுவார்கள். நகல் எழுத்தர் தாளைக் கொண்டுவந்து நீட்டினார். “வழக்கமானதைப் போட்டுத் தள்ளுங்கக்கா, டீ ஆறுது.”

அவள் எழுதினாள். ‘இவ்வழக்கில் தண்டனை மட்டும் வாசிக்கப்பட்டது. இன்று வரை தீர்ப்பு எழுதப்படவில்லை, சொல்லப்படவும் இல்லை. என் குறிப்பேட்டில் இரண்டு வரிகள் மட்டுமே உள்ளன.’ தேதி போட்டுக் கையெழுத்திட்டாள். நகல் எழுத்தர் அதைப் படிக்கவில்லை. பின்பக்கத்தில் எழுதியிருப்பதை அங்கே எவரும் எக்காலத்திலும் படித்ததில்லை. முத்திரையை எச்சில் படாத குறையாக ஊதி, நச்சென்று குத்தி, பதிவேட்டில் ஏற்றி, ஜன்னல் வழியாகத் தையல்காரியிடம் கொடுத்துவிட்டார்.

தையல்காரி எழுத்துக் கூட்டிப் படித்தாள். இரண்டாம் தடவை படித்தாள். பிறகு கொக்கி தைத்துக்கொண்டிருந்த ரவிக்கையைப் பையில் திணித்துக்கொண்டு, வக்கீல் வீட்டுப் பக்கமாக ஓட்டமும் நடையுமாகப் போனாள்.

உயர் நீதிமன்றத்தில் வக்கீல் வாதமே பண்ண வேண்டியிருக்கவில்லையாம். தாளைத் திருப்பிப் பின்பக்கத்தை நீட்டினாராம், அவ்வளவுதான். தண்டனை ரத்து, காவலாளியை ஜாமீனில் விடு, புது நீதிபதி வழக்கை மறுபடி கேட்கட்டும் என்று உத்தரவு. முப்பத்தொன்றாம் நாள் அவன் வெளியே வந்தான். அரைப்பக்கத்தைப் பற்றி அந்த உத்தரவில் ஒரு வரி இருந்தது: ‘இத்தகைய நடைமுறை வருந்தத்தக்கது.’ வருந்தினார்கள். அதற்குமேல் அவருக்கு ஒன்றும் ஆகவில்லை. பதவி உயர்வுப் பட்டியலில் பதினான்காவதாக இருந்தார்; பதினான்காவதாகவே நீடித்தார்.

ஸ்டெனோம்மாவுக்குத்தான் குறிப்பாணை வந்தது. ‘அலுவலக ரகசியத்தை வெளியாருக்கு வெளிப்படுத்தியது ஏன் என்று ஏழு நாட்களுக்குள் விளக்கம் அளிக்கவும்.’

கணவர் அதை வாங்கி, கையிலிருந்த கிரீஸ் படாமல் ஓரத்தைப் பிடித்துப் படித்தார். “இதுல எது ரகசியம்?”

“எழுதலைங்கிறது.”

“எழுதாததை எப்படிடி வெளியிட முடியும்?” என்றார். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. அவருக்கும்தான்.

விளக்கம் கொடுத்தாள். போதாது, நேரில் வரவும் என்றார்கள். விசாரணை அன்று காலை தையல்காரி தாழ்வாரத்தில் காத்துக்கொண்டிருந்தாள். கூடவே காவலாளி. முடி ஒட்ட வெட்டியிருந்தது. ஸ்டெனோம்மாவை நிமிர்ந்து பார்க்காமல் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

“அக்கா, இவரு ராத்திரி பகலா ஒண்ணையே கேட்டுட்டு இருக்காரு,” என்றாள் தையல்காரி. “எதுக்காக உள்ள வெச்சாங்கன்னு. தப்புன்னு சொன்னாங்களா, தப்பில்லன்னு சொன்னாங்களான்னு. நான் என்னன்னு சொல்லட்டும்?”

“யாரும் இன்னும் பார்க்கலம்மா,” என்றாள் ஸ்டெனோம்மா. “அதான் நிஜம். உன் புருஷன் கேஸை இன்னும் யாரும் பார்க்கவே இல்ல.”

காவலாளி அப்போதுதான் திரும்பினான். “முப்பத்தொரு நாள் உள்ள இருந்தேனே,” என்றான்.   அவள் உள்ளே போனாள்.

விசாரணை அதிகாரியாக உயர் நீதிமன்றம் நியமித்திருந்தது மாவட்டத் தலைமை நீதிபதியை. அவர் சங்கடத்தோடு சொன்னார்: “என் ஸ்டெனோ இன்னைக்கு லீவும்மா. நீங்களே எடுத்துக்கிறீங்களா? தப்பா நினைக்காதீங்க.”

அவள் குறிப்பேட்டைத் திறந்து பென்சிலை எடுத்தாள். அவர் கேட்டார், அவள் சொன்னாள், இரண்டையும் அவளே எழுதிக்கொண்டாள்.

“இதுக்கு முன்னாடி இந்த மாதிரி எழுதிக் குடுத்திருக்கீங்கதானே?”

“குடுத்திருக்கேன் சார். எந்தெந்த வழக்குன்னு தனியாப் பட்டியல் போட்டு விளக்கத்தோட வெச்சிருக்கேன். மொத்தம் ஒன்பது. அதுல யார் யார் இன்னும் உள்ள இருக்காங்கன்னு நீங்கதான் பாக்கணும்.”

அவர் அந்தப் பட்டியல் இருந்த பக்கத்தைத் திருப்பவில்லை. “அப்ப இதை மட்டும் ஏன் எழுதல? முடியலையா?”

“முடியும் சார். முடியும்னுதான் பயமா இருந்தது.”

 அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு, சொல்லும் குரலில் சொன்னார்: “ஊழியரின் விளக்கம் ஏற்கத்தக்கதாக இல்லை. அவரை வேறு மாவட்டத்துக்கு மாற்றப் பரிந்துரைக்கப்படுகிறது.” கோப்பை மூடினார். “அவ்வளவுதாம்மா. போலாம்.”

பென்சில் இரண்டாவது வரியின் முற்றுப்புள்ளியில் நின்றது.

“காரணம் சார்?”

“அதெல்லாம் அப்புறம் போட்டுக்கலாம்.”

“இல்ல சார். நீங்க சொல்லுங்க, நான் எழுதுறேன்.”

“நேரமாகுதும்மா.”

“பரவாயில்ல சார். அடுத்த பஸ் இருக்கு.”

அவர் அவளைப் பார்த்தார். அவள் தாளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். தலைமை எழுத்தர் கதவைத் திறந்து எட்டிப் பார்த்துவிட்டு, திறந்த வேகத்திலேயே மூடினார். மாற்றல் எப்படியும் வரும், நாலு நாளிலோ பத்து நாளிலோ, ‘நிர்வாக நலன் கருதி’ என்ற யாருக்கும் பொருந்துகிற சட்டையை மாட்டிக்கொண்டு வரும். அது அவளுக்குத் தெரியும். தெரிந்தும் எழுந்திருக்கவில்லை.

அவர் கோப்பை மறுபடி திறந்தார். ஒரு தாளைப் புரட்டினார். வாயைத் திறந்து, “ஏனெனில்...” என்றார்.

அவள் எழுதினாள். எழுதிவிட்டு, பென்சிலைத் தூக்காமல் காத்திருந்தாள்.